கட்டை யார் கையில் இருந்தது

அன்பு சாமுவேலுக்கு,

மச்சான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை நின்றுவிட்டது. உன் கல்யாணத்துக்கு மறுநாள், கூடப் பிறந்தவன் இல்லாத மேரி என்னை "அண்ணா" என்று கூப்பிட்டாள். "அப்போ இன்னிலேர்ந்து நீ எனக்கு மச்சான்டா" என்று நீ தோளில் கை போட்டாய். அன்றிலிருந்து நீ கண்மூடும் வரை நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போது பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "இன்னாடா, எடுத்தவொடனே அழுவாச்சியா" என்பாய். சலோமிக்குத் தேர்வாய் கண்டிகைக் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏரிக்கரை முனையில் நின்று ஹாரன் அடித்து ஊரையே எழுப்புகிறது. உன் மகள் மட்டும் அதைக் கேட்ட பிறகுதான் தலை சீவ உட்காருகிறாள். அதில் அப்பனையே உரித்து வைத்திருக்கிறாள்.

இன்னொரு சேதி, நம் மின் கூட்டுறவுச் சங்கத்தை மூடிவிட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. கழனியில் பாதி பிளாட்டாகவும் குடோனாகவும் போய்விட்டது. மிச்சமிருக்கிற கம்பங்களையும் கம்பியையும் மின்வாரியத்தின் பெரிய லைனோடு சேர்த்துக்கொள்கிறார்கள். கடைசிப் பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் வரலாற்றை யாராவது படிக்க வேண்டுமாம். முன்பு செயலாளராக இருந்தவன் நான் என்பதால் என் தலையில் கட்டினார்கள்.

தொடக்கம் சுலபமாக வந்தது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கிய கம்பிச் சுருளை மாட்டு வண்டியில் ஏற்றி, வண்டி சேற்றில் மாட்டி, ஊரே சேர்ந்து தள்ளியதை எழுதினேன். குழி தோண்டியவர்கள் உங்கள் காலனி ஆட்கள். கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தவன் நீ, சங்கத்தின் ஒரே வயர்மேன். முதலில் மோட்டார் ஓடியது எங்கள் கழனியில். உங்கள் காலனிக்கு லைன் வர அதற்கப்புறமும் சில வருஷம் பிடித்தது. "நிர்வாகக் காரணங்களால்" என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்து அடித்துவிட்டேன். காரணம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தலைவராக இருந்த என் அப்பாவுக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

அப்புறம் கட்டை பிடிக்கும் வழக்கத்தை எழுதினேன். ஏரிக்கரை டிரான்ஸ்பார்மர் பெட்டியில் இருக்கிற மூன்று பீங்கான் பீஸ் கட்டைகளையும் பிடுங்கிவிட்டால் ஊர் முழுக்க மின்சாரம் நின்றுவிடும். நீ கம்பம் ஏறுவதற்கு முன் அந்த மூன்றையும் பிடுங்கி வந்து, யார் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்களோ அவர்கள் மடியில் கொடுப்பாய். நீ இறங்கும் வரை அவர்கள் கம்பத்தடியை விட்டு அசையக் கூடாது. கட்டையைத் தரையில் வைக்கக் கூடாது, வேறு கைக்கு மாற்றக் கூடாது. கம்பியைத் தொடும் முன் மேலேயிருந்து குரல் கொடுப்பாய், "கட்டை யாரு கையில?" கீழேயிருந்து "என் கையில" என்று பதில் வந்தால்தான் வேலை. என் அப்பாவையே ஒருநாள் அப்படி வெயிலில் உட்கார வைத்தாய். குடை பிடிக்க ஆளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனாலும் உட்கார்ந்தார்.

வேறு எந்த ஊரில் உண்டு இந்த வழக்கம்? பெருமையாகத்தான் எழுதிக்கொண்டு போனேன். அதற்கடுத்த பக்கத்தில்தான் பேனா ஓடவில்லை.

மதியத்தில் டிரான்ஸ்பார்மருக்கு ஓய்வு என்று சொல்லி, உச்சி வெயில் தாழும் வரை கட்டையைப் பிடுங்கி வைப்பாய், நினைவிருக்கிறதா? அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. கதிர் வாங்கும் நேரத்தில் பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு எவன் சும்மா இருப்பான்? கும்மிடிப்பூண்டி பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி மூன்று கட்டைகளை வாங்கி வந்து மோட்டார் கொட்டகையில் ஒளித்து வைத்தேன். மேட்டுக் கழனிக்காரர் வீடுகள் சிலவற்றிலும் இருந்தன. நீ அந்தப் பக்கம் போனதும் பெட்டியில் செருகுவோம், நீ வருவதற்குள் உருவிவிடுவோம். உன்னை ஏமாற்றிவிட்டோம் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

அன்றைக்கும் மதியம்தான். பெட்டி காலியாக இருந்தது. ஓய்வு நேரம் என்று நினைத்தேன். காலனிக் கம்பம் புளியமரத் தோப்புக்கு அந்தப் பக்கம். நீ அதன் மேல் இருந்ததும், அன்று உன்னை வேலைக்குக் கூப்பிட்டது உன் வீடு என்பதால் மேரியே கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரியாது. நான் செருகினேன். மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து மேரியின் குரல் கேட்டது.

தெரியாமல் செய்தேன் என்று அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் நான் முதலில் உன்னிடம் ஓடி வரவில்லை. முதலில் என் கட்டைகளை உருவி, கொட்டகையில் சாக்குக்கு அடியில் தள்ளினேன். பிறகுதான் ஓடி வந்தேன். அது தெரிந்தே செய்தது.

உயிர் பிழைத்தாய். வலது கை விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை. அதற்குப் பிறகு நீ கம்பம் ஏறவில்லை. ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருபது வருஷம் சல்யூட் அடித்தாய், அதுவும் இடது கையால்.

கமிட்டி கூடியது. சங்கத்தில் இருப்பது மூன்றே கட்டைகள், அந்த மூன்றும் மேரியிடம் இருந்தன, அப்படியென்றால் லைனில் மின்சாரம் எப்படி வந்தது? வேலை முடிந்தது என்று அவளே போய்ப் போட்டிருப்பாள், நீ விழுந்ததும் ஓடிப்போய்ப் பிடுங்கியிருப்பாள் என்று முடிவு கட்டினார்கள். முடிவு கட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் கள்ளக் கட்டை இருந்தது. மேரி ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "என் கையிலதான் இருந்திச்சு. நான் எங்கியும் போவல." யாரும் கேட்கவில்லை. இனிமேல் பெண்கள் கட்டை பிடிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அப்போது சங்கத்தின் எழுத்தர் நான். மினிட் புத்தகத்தில் அந்தத் தீர்மானம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. முத்து முத்தான கையெழுத்து.

புருஷனைத் தள்ளிவிட்டவள் என்று கிணற்றடியில் பேசினார்கள். தாலுகா ஆபீஸ் வரைக்கும் அந்தப் பேச்சு போயிற்று. அதைக் கேட்டுக்கொண்டேதான் மேரி உனக்குச் சோறு ஊட்டினாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். பண்டிகைக்கு நான் வந்தால், "வா அண்ணா, சாப்டுட்டுதான் போவணும் அண்ணா" என்று இலை போடுவாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன்?

ஒன்று கேட்க வேண்டும் உன்னிடம். ஆஸ்பத்திரியில் உன்னை முதன்முதலாகப் பார்க்க வந்தபோது, கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்து, "கயனிக்குத் தண்ணி பாஞ்சிச்சா மச்சான்?" என்றாய். சும்மா கேட்டாயா, தெரிந்து கேட்டாயா? "பாஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மட்டும் எப்படி வந்தது என்று கேட்பாய். உன் மகள்தான் காரணம், அவளுக்கே அது தெரியாது. வரலாற்றில் போட நான்கு வரி கேட்கலாம் என்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டை பிடிக்கும் வழக்கத்தைச் சொன்னதும் சலோமி சிரித்தாள். "எங்க கம்பெனிலயும் அதான் மாமா. மெஷினாண்ட போறதுக்கு மின்னாடி சுச்சுல பூட்டு போட்டு, சாவிய ஜோபில வச்சிக்கினுதான் வேலை செய்வாங்க."

"வேற ஒரு சாவி யாராவது வச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"வச்சிருந்தா இன்னா மாமா, அவன் ஆளையே சாவடிச்சிடுவான்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள். மேரி அடுப்படியில் இருந்தாள். கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். நான் காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் எழுதாமல் விட்ட பக்கத்தை எழுதி முடித்தேன்.

என் மகனிடம் முதலில் காட்டினேன். "இந்த வயசுல இது தேவையாப்பா? ஊர்ல தல காட்ட வாணாவா நாங்க?" என்றான். அவன் கேட்டதில் தப்பு இல்லை. இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூட்டத்தன்று மேரி கடைசி வரிசையில் இருந்தாள். நான் ஆறு கட்டைகளை மேசையில் வைத்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்கினேன். சங்கத்துடையது மூன்று, என்னுடையது மூன்று. நீ விழுந்ததை எழுதிய பக்கம் வந்ததும் இப்போதைய தலைவர் கையைக் காட்டினார். "இன்னாத்துக்கு இப்ப இத்த கெளறிக்கினு? ஆளே போய்ச் சேந்துட்டான். பேஜாரு பண்ணாம குந்துப்பா." நான் உட்காரவில்லை. முழுவதையும் படித்தேன். முடித்தபோது மேட்டுக் கழனி முனுசாமி எழுந்து, "எங்க ஊட்லயும் ஒரு செட்டு இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர்.

மேரி எழுந்தாள். அழுவாள், திட்டுவாள், ஒரு கட்டையை எடுத்து என் மேல் எறிவாள், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றேன்.

"அந்த ஒரு வரிய இன்னொரு தபா படி" என்றாள்.

"எந்த வரி?"

"கட்டை யாரு கையில இருந்திச்சுன்னு எழுதிக்கிறியே, அது."

படித்தேன். "சாமுவேல் விழுந்த நேரத்தில் சங்கத்தின் மூன்று கட்டைகளும் மேரியின் கையில்தான் இருந்தன."

கேட்டுக்கொண்டாள். மேசைக்கு வந்தாள். எல்லாம் ஒரே மாதிரிக் கட்டைகள், எனக்கே குழப்பம் வரும். அவள் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. சங்கத்துடைய மூன்றையும் சரியாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் இருக்கும்போதே மினிட் புத்தகத்தை வாங்கி, பழைய தீர்மானத்தின் கீழே அதே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை கையெழுத்து அவ்வளவு அழகாக இல்லை.

போன வாரம் வாரியத்து ஆட்கள் வந்து காலனி லைனை மாற்றினார்கள். அவர்களுக்கு அவர்கள் முறை இருக்கிறது, நம் கட்டைகளுக்கு அதில் வேலையே இல்லை. மேரி பழைய கம்பத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மூன்று கட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கடைசி ஆள் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வேலை முடிந்து அவள் அந்த வழியாகத்தான் வந்தாள்.

"அவரு வுழும்போது மோட்டார் சத்தம் கேட்டாராம். ஆஸ்பத்திரியிலியே எங்கிட்ட சொன்னாரு. கட்டை உன் கையிலதான் இருந்திச்சு, எனுக்குத் தெரியும்னாரு."

"யாரு மோட்டாருன்னு சொன்னானா?"

"சொல்லல." நாலடி நடந்து நின்றாள். "நானும் கேக்கல. வெயிலா கீது, ஊட்டுக்குப் போங்க."

முன்பெல்லாம் அவள் பேசினால் வரிக்கு இரண்டு அண்ணா வரும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. கூப்பிடு என்று நான் கேட்க மாட்டேன், சாமுவேல். கேட்டு வாங்குகிற உறவா அது? உன் கேள்விக்கு மட்டும் இப்போது சரியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பாய்ந்தது. அந்தப் போகம் நன்றாகவே விளைந்தது.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். நடக்க முடிகிற வரை, நம் ஊரில் எவன் கம்பம் ஏறினாலும், அவன் இறங்குகிற வரைக்கும் நான் பெட்டியடியில் உட்கார்ந்திருப்பேன். குடை பிடிக்க ஆள் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
மேரி மறுபடி கூப்பிட்டால் உன் மச்சான்,
கோதண்டம்