விரத நாளில் குளுக்ககான் பாடம்

செலண்டார்

அன்புள்ள அக்காவுக்கு இந்திரா வணக்கத்துடன் எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கான்வென்டில் சிஸ்டர் பழக்கிய கையெழுத்து கோணியிருந்தால், இங்கே மேசை ஆடுகிறது என்று கொள்ளுங்கள்.

எஸ்.பி.எம். பரீட்சை எழுதப்போகும் மாணவிகளுக்கு உயிரியல் டியூஷன் ஒழுங்காக நடக்கிறது. போன புரட்டாசிச் சனியன்று ஒரு சின்ன விஷயம். என் வீட்டுக்காரர் காலமான பிறகும் நான் விடாத விரதம் அல்லவா? சாப்பிடாமலே, வழக்கம்போல நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டேன். வகுப்பில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. முன்வரிசை ராகினி ஓடி வந்து என்னை உட்கார வைத்தாள்.

“டீச்சர், சுகர் எறங்கிருச்சு!”

“இறங்கினால் கணையம் என்ன சுரக்கும்?” என்றேன்.

“இன்சுலின்?”

“தப்பு. குளுக்ககான். கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கும்.”

“உங்க கல்லீரலே காலையிலேருந்து பட்டினி லா, டீச்சர். மொதல்ல இந்த ரோஸ் சிராப்பக் குடிங்க.”

குடித்தேன், தெளிந்துவிட்டது. அந்த விடையை இனி ஒருத்தியும் மறக்கமாட்டாள். இதைப் படித்துப் பயந்து, தேர்வு முடியும்வரை என்னைத் தைப்பிங்கில் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.

அங்கே என் அலமாரியிலுள்ள ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியை அனுப்புங்கள். உங்கள் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம். கடை ஊறுகாய் வாயில் வைக்க முடியவில்லை.

மாணவிகள் வந்துவிட்டார்கள். புரட்டாசி முடிந்துவிடுவதால் வரும் சனிக்கிழமை விரதமில்லை, பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்காருவேன். நீங்களும் அதே நேரத்தில் உட்காருங்கள், அக்கா. எதிரில் நீங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

அன்புத் தங்கை,
இந்திராதேவி