கோயில் மரத்தடி மண்

செவ்வாய், இரவு.

மரங்களைச் சோதிக்கும் வேலையாக, செமோர் ஊரில் பழைய தோட்டத்துக் கோயில் மரத்தைச் சுற்றி இன்று மண் இறுக்கத்தை அளந்தேன். பக்கத்தில் வீடு கட்ட வரும் லோரிகள் மாதக்கணக்காக மரத்தடியில்தான் நிற்கின்றன. அளக்கும் கம்பி விரல் நீளம்கூட இறங்கவில்லை. இப்படி இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் தண்ணீரும் கிடைக்காது. உச்சிக் கிளைகள் காய்ந்துவிட்டன.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுப் பந்தல் இங்க வேணாம், மரம் விழுந்துரும்," என்றேன் கோயில் தலைவரிடம்.

"எங்கப்பா காலத்து மரம், விழாது லா," என்று சிரித்தார்.

கம்பியை அவர் கையில் கொடுத்தேன். பாரம் முழுவதும் போட்டு அழுத்தினார். இறங்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"பந்தல மாத்திருவோம் தங்கச்சி. லோரிய நான் எப்படித் தடுப்பேன்?"

இப்போது காற்று பலமாக அடிக்கிறது. பூசாரி குடும்பம் அந்தக் கிளைகளுக்கு அடியில்தான் குடியிருக்கிறது. வெளியே வந்துவிடச் சொல்ல இரண்டு தடவை கூப்பிட்டும் பூசாரி போனை எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறேன்.