காதுக்குப் பின்னால் ஒரு கண்

அன்புள்ள ஆர்வோவுக்கு,

உன் அண்ணி மார்லிஸ் எழுதுகிறேன். நானும் ஐலியும் சுகம். அரிசோனா வெயில் உன்னை முழுதாக வறுத்தெடுத்திருக்காது என்று நம்புகிறேன். இங்கே மிச்சிகனில் மேப்பிள் இலைகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன. நீ போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் கடிதம். இதையும் பிரிக்காமல் வைத்தாயோ, உனக்கும் எனக்கும் பெரிய சண்டை வரும்.

ஐலிக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டது. அக்டோபரில் வில்லோடு மான் வேட்டைக்குப் போயே தீருவேன் என்கிறாள். "அப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன வயசு இதுதானேம்மா?" என்று கேட்கிறாள். அவளைத் தனியே காட்டுக்குள் அனுப்ப எனக்கு நெஞ்சு துணியவில்லை. நானும் கற்றுக்கொள்கிறேன், இருவருக்குமாக ஒரு வில் பார்ப்போம் என்று வெர்ன் கடைக்கு அழைத்துப்போனேன்.

வெர்ன் எங்களைச் சுவரோரம் கை விரிக்கச் சொல்லி அளந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. ஒரே வில்ல மாத்தி மாத்தி வச்சுக்கலாம். நல்லவேளை, பொண்ணுக்கு அப்பனோட நீளமான குரங்குக் கை வரல" என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் நாலைந்து வில்லைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று கனம், ஒன்று பொம்மை மாதிரி. ஐலி எதையும் தொடவில்லை. வெளியே போனாள். எனக்குத் தெரியாமல் டிரக்கில் போர்வை சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். உன் அண்ணன் ரெய்னோவின் வில்.

அவர் மரத்து வேட்டைப் பரணிலிருந்து விழுந்து இறந்த அன்று நீதான் அதை மரக்கிளையிலிருந்து எடுத்துவந்து எங்கள் கராஜில் மாட்டினாய். கராஜ் கதவை அடித்துச் சாத்தினால் அதன் நாண் 'ம்ம்' என்கிறது. பேப்பர் படித்துக்கொண்டே எனக்குப் பதில் சொல்வாரே, அதே 'ம்ம்'. இரண்டு வருடமாகக் கதவை மெதுவாகத்தான் சாத்துகிறேன். பயம்தான், ஆர்வோ. சில நாள் வேண்டுமென்றே அடித்துச் சாத்துவதும் உண்டு.

வெர்ன் எனக்கு இழுக்க இலகுவாக வில்லின் திருகாணியைத் தளர்த்தி, அம்பு பூட்டி, என்னிடம் தந்தார். குறி பார்க்க நாணில் ஒரு சின்ன வளையம் கட்டியிருக்குமே, அது இன்னும் ரெய்னோவின் கண்ணுக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. முழுக்க இழுத்தேன். வளையம் என் கண்ணைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஐலி, "அம்மா, அந்த ஓட்டை உன் காதுக்குப் பின்னாடி நிக்குது. அங்கேர்ந்து யாரு பாக்குறாங்க?" என்றாள்.

இழுத்த நாணை விடவும் முடியவில்லை, தளர்த்தவும் முடியவில்லை. வெர்ன்தான் கையைப் பிடித்து இறக்கினார். ஐலி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் உள்ள எதையும்விட இதுதான் நல்ல வில் என்கிறார் வெர்ன். வில் முனையில் உள்ள சக்கரத்தைத் திருப்பி, வளையத்தை அவிழ்த்துக் கட்டினால் எங்கள் இருவருக்கும் பொருந்துமாம். "ஆனா அவுத்துட்டா அவன் கண்ணு இருந்த எடம் போயிரும், மார்லிஸ்" என்று தயங்கினார். வேண்டுமானால் அளவை எழுதி வைக்கலாமாம். எழுதி வைத்த அளவு யாரையும் பார்க்காது. ஐலிதான், "மாத்திடலாம்மா. அப்பா எத்தனை நாள்தான் நின்னுட்டே இருப்பாரு?" என்றாள். நான் வில்லை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

உனக்கும் அதே குரங்குக் கைதானே? அவருக்குத் தெரியாமல் அந்த வில்லை எத்தனை முறை எடுத்துப்போயிருப்பாய்! அக்டோபருக்கு முன்னால் ஒரு தடவை வா. காட்டுக்குள் நீ போக வேண்டாம். கொல்லையில் வைக்கோல் கட்டு போட்டுவைக்கிறேன். அதில் ஒரே ஒரு அம்பு விடு. அந்த வளையத்துக்குப் பின்னால் உயிருள்ள ஒரு கண்ணைப் பார்த்துவிட்டால், அதை அவிழ்க்கச் சொல்ல எனக்குத் தைரியம் வந்துவிடும்.

அந்தப் பரணைக் கட்டியது நீ என்பது எனக்கும் தெரியும், ஐலிக்கும் தெரியும். அதற்காக இங்கே யாரும் உனக்குக் கதவைச் சாத்தவில்லை. கடவுள் உன் கைகளைக் காக்கட்டும். வா.

உன் அண்ணி,
மார்லிஸ்