லின்னியா பிடித்த மீன்

லின்னியா,

காட்டரிசி சூப் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. படகுச் சாவி மேசை மேல.

நேத்து ஏரியில நீ தூண்டில்ல, நடுவுல மூட்டு வச்சு நெளியற பொய்மீனைக் கட்டினப்போ, "இது குழந்தைப் பொம்மை, மூட்டில்லாததைத்தான் மஸ்கி மாதிரி பெரிய மீன் கடிக்கும்"னு கிண்டல் பண்ணேன். "குளிர்ல மீன் சோம்பலா இருக்கும், மெதுவா நெளியறதுக்குத்தான் வரும்"னு சொன்னே. அப்படியே வந்து கடிச்சுது. உன் கையிலேருந்து தூண்டிலைப் பிடுங்கி நான் இழுத்தேன். தூண்டில் கடையில நானே பிடிச்சதா பீத்திக்கிட்டேன். நான் போட்டோ எடுத்துக்க நீயே மீனைத் தூக்கி என் கையில கொடுத்தே. அதைத்தான் தாங்க முடியல.

கடைக்குப் போறேன். அங்க சுவத்துல மாட்டின அந்தப் போட்டோவைக் கழட்டிட்டு, எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடறேன்.

ஆர்வின்

பி.கு: பத்து மணிக்கு உங்க அக்கா வர்றாங்க. அவங்ககிட்டயும் போன்ல பொய் சொல்லியிருக்கேன். அதை மட்டும் நீயே சொல்லிடு, லின்னி. அவங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல.