அபிப்பிராயக்காரிக்கு

ஒரகடம் கூட்டுரோட்டில், மேம்பாலத்துக்குக் கீழே, நேற்று ஒரு தள்ளுவண்டியில் நாவல் பழம் குவித்து வைத்திருந்தார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். பல் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிய நான், மகள் வேண்டாம் என்றதைக் கேட்காமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அந்தத் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்ததும், அத்தனை லாரிச் சத்தத்துக்கு நடுவிலும் உன் குரல் கேட்டது.

இதே இடத்தில்தான் நீ பஸ் ஏறுவாய். அப்போது பாலமும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஒரு டீக்கடை, நாலைந்து புளியமரம், நிறையக் காற்று. நான் சேரப்பணஞ்சேரியில் ஏறி வருவேன். நீ வடக்குப்பட்டிலிருந்து வரப்பு வழியாக நடந்து வந்து, முந்தானையில் முடிந்த நாவல் பழத்தோடு என்னை இடித்துக்கொண்டு உட்காருவாய். நாம் இருவரும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மகளிர் தையல் சங்கத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்த காலம். எழுபதுகளின் தொடக்கம். முதல் நாள் நீ என் பேரைக்கூடக் கேட்கவில்லை. "இந்த பஸ்ஸப் பாத்தியா? கவர்மெண்ட்டு மாதிரியே கீது. சத்தத்தக் கேட்டா பறக்கற மாதிரி கீது, வெளிய பாத்தா அதே புளியமரம்" என்றாய். உன் நாக்கு ஊதாவாக இருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கப் பாதி வழி தாண்டிவிட்டது.

உன்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி, யாரும் கேட்காமலே சொல்லுவாய். ஓட்டுக் கேட்டு வந்தவர்களைப் பற்றி: "கும்புடற வரைக்கும் பயமில்ல. கைய எறக்குனாதான் எதுக்குன்னு பாக்கணும்." டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களைப் பற்றி: "பொண்டாட்டி கூப்டா கேக்காத மாதிரி நடிக்கப் பழகறாங்க." ரசம் வைக்கத் தெரியாதவர்கள்தான் சாம்பாரைக் கண்டுபிடித்தார்கள் என்பாய். நான் சாம்பார் பிரியை. அதற்காக உன்னோடு ஒரு மதியம் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

உன் மாதா கோயிலையும் நீ விட்டுவைக்கவில்லை. உறவுக்காரர் ஒருவரின் அடக்கத்துக்கு வெளியூர் போய் வந்தவள், மறுநாள் மெஷினில் உட்காராமலே பொரிந்தாய். "பூசையில எல்லாரும் ஒண்ணுன்னு பிரசங்கம் வெக்கிறாங்க. கல்லறைக்குப் போனா இந்தப் பக்கம் எங்களுது, அந்தப் பக்கம் அவங்களுதுன்றாங்க. செத்தவங்களுக்கு சாதி எங்கடி ஒட்டிகினு கீது, எலும்புலயா?" அதை அந்த ஊர்ச் சாமியாரிடமே கேட்டுவிட்டு வந்திருந்தாய். அவர் என்ன சொன்னார் என்று கேட்டோம். "ஜெபம் பண்ணுன்னாரு" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாய்.

எமர்ஜென்சி வந்ததும் சங்கத்துக் காரியதரிசி பயந்துபோனார். உன்னைக் கூப்பிட்டு, "நீ எதுனா பேசிகினு இருப்ப, போலீஸ் வந்தா எங்களையும் சேத்து இழுத்துகினு பூடும்" என்றார். அதன்பிறகு கொஞ்ச நாள் நீ வாயே திறக்கவில்லை. கூடத்தில் மெஷின் சத்தம் மட்டும். எங்களுக்கு அது எழவு வீடு மாதிரி இருந்தது. ஒரு நாள் ஊசி முறிந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுக்குக் குத்தத்தான் தெரியிது, தைக்கத் தெரியல" என்றாய். காரியதரிசி தலையைத் தூக்கினார். "சார், நான் ஊசியத்தான் சொல்றேன்" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

தப்பாய்ப்போன அபிப்பிராயங்களும் உண்டு. "இந்தப் பொட்டல்ல எவன் வந்து கம்பெனி கட்டப் போறான்? ஆடு மேய்க்கறவனே யோசிக்கிறான்" என்று ஒருமுறை பஸ் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டிச் சொன்னாய். நீ கை காட்டிய இடத்தில் இப்போது மதில் சுவர் கண்ணுக்கெட்டிய மட்டும் போகிறது.

என்னை மண்ணூரில் கட்டிக் கொடுத்தார்கள். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார் அவர். அதிர்ந்து பேசாத மனிதர். மாமனார் அப்படியில்லை. கல்யாணத்துக்குப் போட்ட லீவு முடியப் போகிறது என்று நான் சொன்னதும், "நம்ம வூட்டுப் பொம்பளைங்க வேலைக்கிப் போற பழக்கமில்ல" என்றார். அவ்வளவுதான். அவர் குரலை உயர்த்தவில்லை, கோபப்படவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

அந்த வீட்டில் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. அதுதான் கஷ்டம். குறை இருந்தால் சொல்லி அழுதிருக்கலாம். மெஷின் முன் உட்கார்ந்து காலால் மிதிக்கும்போது, உட்கார்ந்த இடத்திலேயே எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல எனக்கு இருக்கும். அதை எந்த வார்த்தையில் சொல்வது? நான் நம்பியதெல்லாம் உன்னைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைப் புடவையும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக நீ மண்ணூருக்கு வந்து இறங்கினபோது எனக்கு உயிர் வந்தது.

கிணற்றடிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"நீ மாமாகிட்ட பேசு. நீ பேசினா யாராலயும் பதில் சொல்ல முடியாது."

நீ முகத்தைக் கழுவிக்கொண்டே, "இதுல எனக்கு அபிப்பிராயம் இல்ல" என்றாய்.

"உனக்கா? அபிப்பிராயம் இல்லியா?"

"நான் சொன்னா அது வெறும் பேச்சு. கேட்டுட்டு சிரிச்சிட்டுப் பூடுவாங்க. உனுக்கு வேணும்னா நீ சொல்லு. நான் பக்கத்துல ஒக்காந்துகினு இருக்கேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஊருக்கெல்லாம் நீட்டுகிற வாய் எனக்கென்று வரும்போது மூடிக்கொண்டதே என்று பட்டது. நீ உள்ளே போய் மாமனாருக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாய். காபி குடித்தாய். ஏரித் தண்ணீரைப் பற்றி, பூச்சி விழுந்த கத்திரிச் செடியைப் பற்றி அவரோடு பேசினாய். என் பேச்சை எடுக்கவே இல்லை. காபி முடிந்தும் நீ எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நான் ஆரம்பித்தேன். "மாமா, நான் மறுபடி சங்கத்துக்குப் போறேன்."

"இன்னாத்துக்கு? வூட்ல இன்னா கொறை?"

"கொறைன்னு இல்ல மாமா. எனக்கு அந்த வேல புடிச்சிருக்குது. அங்க ஒக்காந்தா மனசு நல்லா இருக்குது. காலைல வூட்டு வேலைய முடிச்சிட்டுத்தான் போவேன். ஆனா போறேன்."

குரல் பாதியில் நடுங்கி எங்கேயோ போய்விட்டது. அதைத் தேடிப் பிடித்து முடித்தேன். மாமனார் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தார். "நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"நான் சொல்லிக் குடுத்திருந்தா இதவிட நல்லா பேசியிருப்பா, மாமா" என்றாய்.

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். சிரித்த வேகத்திலேயே, "போயிட்டு வரட்டுமேப்பா" என்றும் சொல்லிவிட்டார். அவர் தன் அப்பாவை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சரி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் நான் வேலைக்குக் கிளம்பிய அன்று, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

சங்கத்து வேப்பமரத்தடியில் சோற்று டப்பாவைத் திறந்தபோது, ஏன் எனக்காகப் பேசவில்லை என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ ஊறுகாயைக் கிளறினாய். எல்லார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் பேசிய நீ, உனக்கு ஏன் ஆகவில்லை என்று அதுவரை வாய் திறந்ததில்லை. அன்றைக்குத்தான் சொன்னாய்.

"ஒருத்தர் என்ன நேராவே கேட்டாரு. நல்ல மனுசன். எனக்கும் இஷ்டம்தான். எங்கப்பா வேணாம்னாரு. நான் ஒரு வார்த்த பேசியிருக்கணும். பேசல. தலையக் குனிஞ்சிகினு நின்னேன். அவரு கொஞ்ச நாள் பாத்துட்டு வேற எடம் போயிட்டாரு. பேச வேண்டிய எடத்துல பேசலடி. அதான் இப்ப கண்ட எடத்துல பேசிகினு கீறேன்."

நான் உன் கையைப் பிடித்தேன். நீ கையை உருவிக்கொண்டு, "உங்க மண்ணூர்ல ஊறுகாய்க்கு உப்பே போட மாட்டாங்களா?" என்றாய்.

பிறகு நமக்கு வயதாயிற்று. சங்கம் மூடிய பிறகும் தேர்த் திருவிழாவுக்கு நான் வடக்குப்பட்டு வருவேன், பொங்கலுக்கு நீ மண்ணூர் வருவாய். என் மாமனார் சாகும் மட்டும், "அந்த வாயாடி வரலியா?" என்று உன்னை விசாரித்துக்கொண்டுதான் இருந்தார். நீ வந்தால் பழைய முதலமைச்சர், புதிய முதலமைச்சர் என்று இரண்டு பேரும் மோதிக்கொள்வீர்கள். நான் உள்ளே அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். போன தவக்காலத்தில் நீயும் போய்ச் சேர்ந்தாய்.

உன் அபிப்பிராயங்களில் பாதிக்கு மேல் நான் ஒத்துக்கொண்டதில்லை. ரசத்தைப் பற்றி இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவற்றையெல்லாம் நான் மறந்தாலும் மறந்துவிடுவேன். ஆனால் நீ டம்ளரை உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை என்னை விட்டுப் போகவில்லை. மகளின் கல்யாணப் பேச்சில், மருத்துவமனையில், போன மாதம் எங்கள் தெரு முனையில் லாரிகள் நிற்பதைப் பற்றிக் கூடிய கூட்டத்தில், யாரும் எழுந்திருக்காதபோது நான் எழுந்தேன். குரல் இப்போதும் நடுங்கத்தான் செய்கிறது. அது நிற்கட்டும் என்று நான் காத்திருப்பதில்லை.