டெமெய்க்கு மொழி இருக்கிறது

மல்கிரேவ்
4 மார்ச் 2025

அன்புள்ள துவாரகா,

போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மறுவாழ்வு மையத்தில் டெமெய் என்று ஒருவர். பசிபிக் கடலிலுள்ள பலாவ் தீவுக்காரர், ஐம்பத்திரண்டு வயது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பக்கவாதத்தில் ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. பலாவ் மொழி மட்டும் திரும்பி வருகிறது.

நேற்று அவர் தங்கை பலாவில் கொரோர் ஊரிலிருந்து கூப்பிட்டார். போனை அவர் காதோரம் பிடித்திருந்தேன். தங்கை ஒரு பழமொழியைப் பாதி சொல்லி நிறுத்த, இவர் மீதியைச் சொல்லி முடித்தார். இருவரும் சிரித்தார்கள். அர்த்தம் தெரியாமல் நானும் சிரித்தேன். பிறகு தங்கையிடம் அன்றாடச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அலீ, வணக்கம். ரல்ம், தண்ணீர். மெரிங்கெல், வலிக்கிறது.

பதினெட்டாம் தேதி மதிப்பீட்டுக் கூட்டம். இவரால் பேசிப் புரியவைக்க முடியாது என்று முடிவானால் பயிற்சியை நிறுத்தி ஏதாவது பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சோதனை முழுக்க ஆங்கிலத்தில். பலாவ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லையாம். நான் பயிற்சி உதவியாளர். கூட்டத்தில் குறிப்பெடுப்பதுதான் என் வேலை.

அன்புடன்,
ஹம்சா

டூங்கபி
9 மார்ச் 2025

என் ஊமைச் சிநேகிதிக்கு,

பல்கலைக்கழக வகுப்பில் உன் கேள்விகளைத் துண்டில் எழுதித் தந்து என்னைக் கேட்கவைத்தவள் நீ. இந்த முறை பக்கத்துக் கதிரையில் நான் இல்லை. அந்தச் சொற்களை அவர் கட்டிலருகே ஒட்டிவிடு. கூட்டத்தில் பழமொழிக் கதையைச் சொல்லு. அதைக் கேட்ட ஆள் நீ ஒருத்திதான்.

அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளை சோறு வேணுமெண்டே கேக்காது, இதை எங்க கதைக்கப்போகுது" என்று சிரிக்கிறா. அவவைப் பொய்யாக்கிவிட்டு எழுது.

துவாரகா

மல்கிரேவ்
21 மார்ச் 2025

அன்புள்ள துவாரகா,

நீ சொன்னபடி ஒட்டினேன். அன்று மாலையே என்னை நான்கு நாளைக்கு வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். திரும்பி வந்தபோது டெமெய் மருந்து மயக்கத்தில் கிடந்தார். தோள்மூட்டு நழுவி, மூன்று நாள் 'மெரிங்கெல்' என்ற ஒரே சொல்லைக் கத்தியிருக்கிறார். 'காரணமின்றிக் கூச்சல்' என்று குறிப்பில் இருந்தது.

சுவரில் என் தாள் அப்படியே இருந்தது. முழுக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன், துவாரகா. காதில் விழுந்ததைத் தமிழில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதையே அழகாகப் படியெடுத்து ஒட்டியிருக்கிறேன். உங்கள் சாமி மந்திரமா என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

அந்த அரைமயக்கத்திலேயே சோதனை நடந்தது. பூஜ்யம். கூட்ட முடிவில் மேலாளர் என் பக்கம் திரும்பி, வேறு ஏதாவது உண்டா என்றார். பழமொழியைச் சொன்னால் தாளில் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் என் விசாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். ஊரில் அப்பா என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இல்லை என்றேன். அந்த 'இல்லை'யையும் நானே குறிப்பில் எழுதினேன்.

இன்று காலை அவரைப் பெண்டிகோ பக்கம் ஓர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது என் கையைப் பிடித்துத் தன் மொழியில் நன்றி சொன்னார்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

ஹம்சா

டூங்கபி
2 ஏப்ரல் 2025

ஹம்சா,

விசாப் பயத்தை நீ எனக்கு விளக்கத் தேவையில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று. இந்த நாட்டுக்குப் படகில் வந்த வருஷம் எங்கள் அண்ணாவைக் குடிவரவு அதிகாரிகள் தனியே விசாரித்தார்கள். முதுகுக் காயங்கள் எப்படி வந்தன என்று அவன் விவரமாகச் சொல்லியிருக்கிறான். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அவரும் தமிழர். விசாரணையின் ஒலிப்பதிவை வழக்கறிஞர் எடுத்துக் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அண்ணாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆள் ஏன் வாய் திறக்கவில்லை என்று பன்னிரண்டு வருஷமாய் யோசித்தேன். உன் கடிதம் வாசித்ததும் விளங்கிவிட்டது. அவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். உன்னைப்போல நல்ல ஆளாகவும் இருந்திருப்பார். எனக்கு அது விளங்காமலே இருந்திருக்கலாம்.

அம்மா உன்னைச் சுகம் கேட்டா. உன் கடிதத்தை அவவுக்குக் காட்டவில்லை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

துவாரகா