யார் என்பது பிறகு

தங்கச்சி,

இன்று காலை உன் குடியிருப்புப் பெண் ஒருத்தி வேலிக்கு மேலால் எட்டி ஒரு பை பாலைப்பழம் தந்துவிட்டுப் போனாள். நான்கைந்தை வாயில் போட்டதுதான் தாமதம், உதடு இரண்டும் பால் பிடித்து ஒட்டிக்கொண்டன. "அக்கா வாய் மூடுறது பாலைப்பழத்துக்கு மட்டுந்தான்" என்று சிரிக்க நீ இல்லை. நீ போய் இது இரண்டாவது பழக்காலம். மரங்கள் இம்முறை நன்றாகக் காய்த்திருக்கின்றன. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சண்டை முடிந்து மீளக் குடியேறிய புதிதில் எங்கள் வயல்களுக்கும் காட்டுக்கும் நடுவே உங்களுக்குக் காணி கொடுத்தார்கள். மலையகத்திலிருந்து வந்த உன் பெற்றோரோடு, எங்களைப் போலவே சண்டைக்குள் ஓடித் திரிந்து, கடைசியில் காட்டோரத் தகரக் கொட்டிலில் வந்து நின்றவள் நீ. இலுப்பைக்கடவைப் பக்கத்தில் அந்நேரம் நல்ல தண்ணீருக்கு எங்கள் இரண்டு பகுதிக்கும் ஒரே குழாய்க்கிணறு. அங்கேதான் நாம் சிநேகமானோம். குடம் நிறைந்ததும் நான் "வாறன்" என்பேன். "போறப்ப வாறன்னு சொல்றீங்க, வாறப்ப என்னதான் சொல்லுவீங்க?" என்று கேட்பாய். நான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தபடி நடப்பேன்.

உங்களுக்கு வயல் இல்லை. கூலி வேலை கிடைக்காத நாட்களில் காடுதான் சோறு போட்டது. விறகு, பழம், தேன். ஆனால் காட்டுக்குள் எல்லா இடமும் கால் வைக்க முடியாது. கண்ணிவெடிப் பலகைகள் அப்போதும் நின்றன. நெருப்பு ஒருமுறை உள்ளே போய்விட்டால் அதன் பின்னால் போய் அணைக்க ஆளில்லை. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

அந்த வருடம் காலபோக விதைப்புக்கு முன், சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில், காடு பெரிதாகத் தீப்பிடித்தது. எரிந்து முடியுமுன்பே ஊரில் தீர்ப்பு வந்துவிட்டது. "உந்தக் குடியிருப்பு ஆக்கள்தான் கொளுத்தினது. விறகுக்குத்தான், வேற என்னத்துக்கு?" என்று முதலில் சொன்னவர் என் அண்ணன். பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். உங்கள் ஆட்கள் இனிக் காட்டுக்குள் போகக்கூடாது என்று அறிவிப்பதற்கென்றே வனத்துறைக் கந்தோரின் சிங்கள அதிகாரி வந்திருந்தார். நீ என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாய். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அதிகாரி மடிக்கணினியைத் திறந்து சுவரில் வரைபடத்தைக் காட்டினார். வானத்தில் பூமியைச் சுற்றும் செய்மதி சூடான இடத்தைக் கண்டால் ஒரு சிவப்புப் புள்ளி வைக்குமாம். தன் பக்கத்துச் சாட்சியாகத்தான் அதைக் காட்டினார், பாவம். முதல் புள்ளி என் அண்ணன் வயலில் இருந்தது. காய்ந்த அடிக்கட்டையையும் புல்லையும் அவர் கொளுத்திய மத்தியானம் அது. அடுத்த புள்ளிகள் காற்றுப் போன வழியே காட்டுக்குள் போயிருந்தன. அண்ணன் கதிரையில் நெளிந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. சொந்த அண்ணன் என்றும் பாராமல் நாலு கேள்வி கேட்க எழும்பினேன். நீ என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டு, நீ எழுந்தாய்.

"யாரு வச்சதுன்னு அப்புறமாப் பேசலாம் சேர். இந்தப் புள்ளி ஒங்களுக்கு எப்ப வந்திச்சு?"

"அன்னைக்குப் பின்னேரம்" என்றார் அதிகாரி.

"எங்களுக்குத் தெரிஞ்சப்ப இருட்டிப்போச்சு, தீயும் உள்ள போயிருச்சு. எங்க எரியுதுன்னு ஒங்க பெட்டிக்குச் சொல்றதை எங்க போனுக்கும் சொல்ல வைக்க முடியாதா?"

அதிகாரி வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "முடியும். யாரும் கேக்க இல்ல" என்றார். தடையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் உன்னைப் பிடித்து ஏசினேன். "உன்ர சனத்தைக் கள்ளராக்கப் பாத்த என்ர அண்ணனைச் சும்மா விட்டிட்டியே!"

"அவரைப் புடிச்சு வச்சு நான் என்னக்கா பண்றது? எனக்குக் காடுல்ல வேணும்" என்றாய்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. புள்ளிகள் வரும்படி இரண்டு பகுதிக்கும் ஒரு போன் குழுவை அதிகாரி அமைத்துக் கொடுத்தார்; ஆனால் அப்போது சிக்னல் குளக்கட்டில் மட்டும்தான் பிடிக்கும். நீ போனை ஒரு பையில் போட்டு மருதமரக் கிளையில் தொங்கவிட்டு, கீழே இருந்து தென்னோலைக் கிடுகு பின்னினாய். முதல் புள்ளி வந்த அன்று இரண்டு பகுதி ஆட்களும் வாளியோடு ஓடினோம். போய்ப் பார்த்தால் செங்கல் சூளை! சூளைக்காரர் கையை விரித்துக் குறுக்கே நின்று, "ஐயோ, தண்ணி ஊத்தாதேங்கோ, என்ர கல்லு வேகட்டும்!" என்று கத்தினார். ஆனாலும் நாம் ஓடுவதை விடவில்லை. செய்மதி எப்போதும் தலைக்கு மேலே நிற்பதில்லை என்பதால் குளக்கட்டில் முறை வைத்துக் காவல் இருந்தோம். வெடி அகற்றிய நிலத்தில், வயலுக்கும் காட்டுக்கும் இடையே, தீ தாண்டாதபடி அகலமாக ஒரு வெளி வெட்டினோம். அண்ணன் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் வயல் கொளுத்துவதற்கு முதல்நாள் குழுவில் குரல் பதிந்து அறிவிக்கத் தொடங்கினார்.

சிறுநீரக வருத்தம் உன்னை உருக்கிய மாதங்களிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "புள்ளி ஏதும் வந்திச்சாக்கா?" என்றுதான் கேட்பாய். உன்னைப் பற்றிக் கேட்க வந்த எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வரும்.

போன கிழமை மத்தியானம் ஒரு புள்ளி வந்தது. உங்கள் குடியிருப்புக்குப் பின்னால், காட்டோரமாக. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் உடனே எழுதினார்: "ஆர் கொளுத்தினது?" பழையபடி எல்லாம் தொடங்கப்போகிறது என்று நினைத்தேன். அதற்குள் அண்ணனின் குரல் வந்தது. "ஆர் எண்டதைப் பிறகு பாப்பம். எங்கை எண்டு சரியாச் சொல்லுங்கோ, நான் தண்ணித் தாங்கியோட வாறன்."

நாம் வெட்டிய வெளியைத் தாண்டவிடாமல் தீயை அணைத்துவிட்டோம். கரி பூசிய முகத்தோடு உழவு மெசினில் சாய்ந்து நின்ற அண்ணன் என்னைப் பாராமல் சொன்னார்: "அவள் இருந்திருந்தால் எங்களுக்கு முதல் வந்து நிண்டிருப்பாள்." நான் ஓம் என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் பால்சட்டி கவிழ்ந்தாலும் எனக்கு முதலில் நாக்கில் வருவது 'யார்' என்பதுதான். என் வாய் உனக்குத் தெரியும். இப்போது அதை விழுங்கிக்கொண்டு துணியைத் தேடுகிறேன், தங்கச்சி. கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விழுங்குகிறேன்.